தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வி: கலைத்திட்டத்தை மதிப்பிடுவது எவ்வாறு?

கணக்குப் பாடம் சரிவர நடைபெறாத பள்ளியில், அக்குறை ஆண்டு இறுதிக்குள் எவ்வாறேனும் வெளிப்பட்டுவிடும். தேர்வுத்தாள் காட்டிக்கொடுக்கும், பெற்றோர் கேள்வி எழுப்புவர், அடுத்த வகுப்பாசிரியர் முணுமுணுப்பார். உடற்கல்வி நடைபெறாத பள்ளியில் அவ்வாறு எதுவும் நிகழ்வதில்லை. கால அட்டவணையில் பாடவேளை இருக்கும். மதிப்பெண் அட்டையில் தரமும் இருக்கும். குழந்தைகள் ஆண்டு முழுவதும் ஓடினரா என்பது மட்டும் எந்த ஏட்டிலும் இராது. தொடக்கப் பள்ளியின் உடற்கல்விக் கலைத்திட்டத்தை மதிப்பிடும் பணி பிற பாடங்களைக் காட்டிலும் கடினமானது என்பதற்கும், அதனினும் இன்றியமையாதது என்பதற்கும் காரணம் இதுவே.

பெங்களூரை எடுத்துக்கொண்டு இப்பிரச்சினையை ஆராய்வது பயனுடையது. இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென் மண்டல மையமும் கண்டீரவா விளையாட்டரங்கும் அமைந்துள்ள நகரம் இது. கர்நாடகத்தின் பாடத்திட்டங்களையும் ஆசிரியர் பயிற்சியையும் வகுக்கும் மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சித் துறையும் இங்குதான் இயங்குகிறது. அதே நகரில் ஸ்ரீராமபுரத்திலோ சிவாஜிநகரிலோ உள்ள ஒரு பழைய தொடக்கப் பள்ளியின் வெளி, இருபது குழந்தைகள் கைகோத்து வட்டமாக நின்றால் நிறைந்துவிடக்கூடும். உயர்தர விளையாட்டும் அடிப்படை உடற்கல்வியும் ஒன்றல்ல என்பதை இந்நகரைப்போல் தெளிவாகக் காட்டும் இடங்கள் சிலவே.

கொள்கையின் வரலாறு

உடற்கல்வியைப் பற்றிய கொள்கை அறிவிப்புகளுக்கு நம் நாட்டில் குறைவில்லை. 1920-இல் எச்.சி. பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1950-இல் மத்திய அரசு உடற்கல்வி, பொழுதுபோக்கு ஆலோசனைக் குழுவை அமைத்தது. 1956-இல் தேசிய உடற்கல்வித் திட்டம் ஒன்று வெளியாயிற்று. 1954-இல் தோன்றிய தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம், குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைக்குப் பின்னர் பிற திட்டங்களுடன் இணைக்கப்பட்டுத் தேசிய உடல்தகுதிப் படை என வடிவெடுத்தது. அணிவகுப்பும் ஒழுங்குமே உடற்கல்வி என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியது. ‘டிரில் மாஸ்டர்’ என்று தமிழிலும் ‘டிரில் மேஷ்ட்ரு’ என்று கன்னடத்திலும் இன்றும் வழங்கும் பெயர் அதன் எச்சமாகும்.

1964–66 ஆண்டுகளின் கோத்தாரிக் கல்விக் குழு இப்போக்கைக் குறைகூறியது. உடல் தகுதியை மட்டும் வலியுறுத்தி, உடற்கல்வியின் கல்விப் பயனைப் புறக்கணிப்பது தவறு என்பது அக்குழுவின் கருத்து. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இன்னும் ஓர் அடி முன்சென்று, விளையாட்டும் உடற்கல்வியும் கற்றலின் பிரிக்க முடியாத கூறுகள் என்றும், மாணவரின் தேர்ச்சியை மதிப்பிடும்போது அவையும் சேர்க்கப்படும் என்றும் கூறியது. 2005-இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு அதனைத் தொடக்க நிலையிலிருந்தே கட்டாயப் பாடமாக்கப் பரிந்துரைத்தது. 2023-இன் வடிவமைப்பு உடற்கல்வியையும் நல்வாழ்வையும் இணைத்துத் தனிக் கலைத்திட்டப் பகுதியாக்கியது. கர்நாடகத்தில் 1983-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் கலைத்திட்டத்தில் இடம்பெறத்தக்கவற்றுள் உடற்கல்வி, உடல்நலக் கல்வி, விளையாட்டு ஆகியவற்றையும் குறிப்பிடுகிறது.

ஆக, ‘உடற்கல்வி வேண்டுமா?’ என்ற கேள்வி தீர்க்கப்பட்டுவிட்டது. ‘ஏட்டில் உள்ளது களத்தில் உள்ளதா?’ என்பதே எஞ்சி நிற்பது.

எதனை மதிப்பிடுவது?

பாடத்திட்டம் வேறு, கலைத்திட்டம் வேறு. எவ்வகுப்பில் எவ்விளையாட்டு, எவ்வாசனம் என்ற பட்டியல் பாடத்திட்டம். அதனை நடத்தும் ஆசிரியர், நேரம், இடம், கருவி, கற்பிக்கும் முறை, குழந்தை பெறும் பயன் ஆகிய அனைத்தும் அடங்கியது கலைத்திட்டம். பட்டியலை மட்டும் படித்துவிட்டு ‘கலைத்திட்டம் நன்றாக உள்ளது’ எனத் தீர்ப்புக் கூறுவது, சமையற் குறிப்பைப் படித்துவிட்டு விருந்தைப் பாராட்டுவதற்கு ஒப்பாகும்.

கல்வி மதிப்பீட்டில் இருவர் வகுத்த நெறிகள் பெரிதும் பயன்படுகின்றன. 1949-இல் ரால்ஃப் டைலர், குறிக்கோள்களை முதலில் வரையறுத்து, அவை எய்தப்பட்டனவா எனச் சோதிக்கும் முறையை விளக்கினார். பின்னர் டேனியல் ஸ்டஃபில்பீம், சூழல், உள்ளீடு, செயல்முறை, விளைவு என நான்கு நிலைகளில் ஆராய வேண்டும் என்றார். தொடக்கப் பள்ளி உடற்கல்விக்குப் பின்னது ஏற்றது. விளைவை மட்டும் அளந்தால், குறை பாடத்திலா, பந்திலா, பசியிலா என்பது தெரியாது போய்விடும்.

சூழலைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். 2019–21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 35.4 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி உள்ளனர். இக்குழந்தைகளே சில ஆண்டுகளில் முதல் வகுப்பில் வந்து அமர்வோர். மறுபுறம், நகரின் வசதிமிக்க குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஓடியாட இடமும் நேரமும் குறைந்து, எடை மிகுதி பிரச்சினையாகி வருகிறது. ஒரே நகரில் இரு எதிர்முனைகள். நண்பகல் உணவும், 2013 முதல் கர்நாடகப் பள்ளிகளில் வழங்கப்பட்டு வரும் க்ஷீரபாக்யப் பாலும் உடற்கல்விப் பாடவேளையோடு நேரடித் தொடர்புடையவை. காலையில் உண்ணாது வந்த குழந்தையை முதற் பாடவேளையில் ஓடவிட்டுச் சோதிப்பது மதிப்பீடு ஆகாது.

உள்ளீடுகள்: சட்டமும் கணக்கும்

2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருள்களும் இருத்தல் வேண்டும் என்கிறது. ஆனால் மைதானத்தின் பரப்பு எவ்வளவு என்று அந்த அட்டவணை கூறவில்லை. எனவே புள்ளிவிவரப் படிவத்தில் ‘மைதானம் உண்டு’ என்பதற்கு நேரே இடப்படும் குறி, இரண்டு ஏக்கர் திடலையும் இரண்டு வகுப்பறை அளவுள்ள முற்றத்தையும் ஒன்றாகவே எண்ணுகிறது. 2024 ஏப்ரலில் கேரள உயர்நீதிமன்றம், அம்மாநிலப் பள்ளிகளின் மைதானத்திற்கு உரிய அளவையும் அங்கு இருக்க வேண்டிய வசதிகளையும் வரையறுக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது இக்குறைபாட்டின் காரணமாகவே. பெங்களூர் போன்ற நகரில், ஒரு குழந்தைக்கு எத்தனை சதுர மீட்டர் என்று கேட்பதே பொருத்தமான அளவை. அருகிலுள்ள மாநகராட்சித் திடலைப் பள்ளி பயன்படுத்தினால், அங்கு நடந்து செல்லும் நேரமும் கடக்க வேண்டிய சாலையும் குறிப்பில் இடம்பெற வேண்டும்.

ஆசிரியர் நிலை இதனினும் கவலைக்குரியது. அதே சட்டம் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில், நூறு குழந்தைகளுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநரை வேண்டுகிறது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு அத்தகைய ஏற்பாடு அட்டவணையில் இல்லை. உடலியக்கத் திறன்கள் அமைவதில் ஆறு முதல் பத்து வயதும் முக்கியமான பருவம் என்று வல்லுநர் பலர் கூற, அப்பருவத்தையே சட்டம் பயிற்சி பெற்ற ஆசிரியரின்றி விட்டுவைத்திருக்கிறது. 2018-ஆம் ஆண்டின் ‘அசர்’ ஆய்வு நாட்டின் கிராமப்புறப் பள்ளிகளைப் பார்வையிட்டபோது, தொடக்கப் பள்ளிகளுள் 5.8 சதவீதத்திலும், உயர் தொடக்கப் பள்ளிகளுள் 30.8 சதவீதத்திலும் மட்டுமே தனி உடற்கல்வி ஆசிரியர் இருந்தார். விளையாட்டுப் பொருள்களோ முறையே 55.8, 71.5 சதவீதப் பள்ளிகளில் காணப்பட்டன. பந்து சென்று சேர்ந்த பள்ளிகளுள் பெரும்பாலானவற்றை ஆசிரியர் சென்று சேரவில்லை. கர்நாடகத்தில் உடற்கல்வி ஆசிரியரைப் பிற பாட ஆசிரியருக்கு இணையாகக் கருத வேண்டும் என்பதும், அதற்காகப் பேராசிரியர் எல்.ஆர். வைத்தியநாதன் குழுவின் அறிக்கையை நிறைவேற்ற வேண்டும் என்பதும் அவ்வாசிரியர்களின் நெடுநாளைய கோரிக்கையாகும்.

பணத்தைப் பார்ப்போம். சமக்ர சிக்ஷா திட்டம் 2018-இல் தொடங்கியபோது, விளையாட்டுப் பொருள்களுக்கென ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரையும், உயர் தொடக்கப் பள்ளிக்கு 10,000 ரூபாய் வரையும் வழங்க வகை செய்யப்பட்டது. நூறு குழந்தைகள் உள்ள தொடக்கப் பள்ளியில் இது தலைக்கு ஆண்டொன்றுக்கு 50 ரூபாய். 200 வேலை நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 25 காசு. தொகை சிறிது எனினும் வீண் எனக் கூற இயலாது. லகோரிக்கு ஏழு சில்லும் ஒரு பந்தும் போதும். தமிழ்க் குழந்தைகள் பாண்டி என்றும் கன்னடக் குழந்தைகள் குண்டெபில்லெ என்றும் ஆடும் ஆட்டத்திற்குச் சுண்ணக்கட்டி போதும். கோகோவிற்கு இரு கம்பங்கள் மட்டுமே தேவை. ஆனால் இத்தொகையில் ஒரு பள்ளி கிரிக்கெட் மட்டையும் கையுறையும் வாங்கியிருந்தால், செலவுக் கணக்கு சரியாக இருந்தும் கலைத்திட்டம் தோற்றதாகும்; ஒரே வேளையில் பயன்பெறுவோர் சிலரே.

நேரமும் ஓர் உள்ளீடு. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்குச் சட்டம் விதிக்கும் கற்பித்தல் நேரம் ஆண்டுக்கு 800 மணி. வாரத்திற்கு 40 நிமிடப் பாடவேளை இரண்டு உடற்கல்விக்கு ஒதுக்கப்பட்டதாகக் கொள்வோம். ஏறத்தாழ 33 வாரங்களில் 66 பாடவேளை, அதாவது 44 மணி, மொத்தத்தில் 5.5 சதவீதம். ஐந்து முதல் பதினேழு வயதுடையோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆண்டுக்கு 365 மணி தேவைப்படும் இடத்தில், ஒரு பாடவேளையும் தவறாது நடந்தாலும் பள்ளியின் பங்கு 44 மணிக்கு மேற்படாது. அந்த 44 மணியும் முழுமையாக இயக்கமாகிறதா என்பதே அடுத்த கேள்வி. இங்குதான் மதிப்பீட்டின் மையம் உள்ளது.

செயல்முறை: எழுபத்தைந்து வினாடி

நாற்பது குழந்தைகள் கொண்ட வகுப்பு ஒன்றைக் கற்பனை செய்வோம். மணி அடித்து, வரிசையில் இறங்கி, இறுதியில் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்ப 10 நிமிடம்; வரிசை அமைக்கவும் விளக்கவும் 5 நிமிடம். எஞ்சுவது 25 நிமிடம், அதாவது 1,500 வினாடி. ஆசிரியர் வகுப்பை இருபது இருபது பேராக இரு வரிசைகளில் நிறுத்தி, தொடர் ஓட்டம் நடத்துகிறார். ஒருவர் ஓடித் திரும்ப 20 வினாடி. ஒரு குழந்தையின் முறை மீண்டும் வர 400 வினாடி ஆகும். ஆக 25 நிமிடத்தில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது நான்கு முறைக்கும் சற்றுக் குறைவு. ஓடிய நேரம் 75 வினாடி. நாற்பது நிமிடப் பாடவேளையில் இது மூன்று சதவீதம். எஞ்சிய நேரமெல்லாம் குழந்தை வரிசையில் நின்றது. வெயிலில் நின்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதே குழந்தைகளை ஐந்து ஐந்து பேராக எட்டு வரிசைகளாகப் பிரித்தால், முறை 100 வினாடிக்கு ஒருதரம் வரும். பதினைந்து முறை, 300 வினாடி, முன்னதைப்போல் நான்கு மடங்கு. இதற்குப் புதிய மைதானமோ கூடுதல் மானியமோ தேவையில்லை. வரிசையே இல்லாது அனைவரும் ஒருங்கே ஓடும் தொட்டுப்பிடி ஆட்டம் போன்றவற்றால் பயன் மேலும் உயரும். ஆண்டுத் தேர்வோ பொருள் இருப்புப் பதிவேடோ காட்ட முடியாத இவ்வேறுபாட்டை, களத்தில் நின்று நோக்குபவர் ஒரே பாடவேளையில் கண்டுகொள்வார்.

இத்தகைய நோக்கீட்டிற்கு முறையான கருவிகள் உண்டு. 1991-இல் அமெரிக்காவில் மெக்கென்சியும் அவர்தம் குழுவினரும் வகுத்த ‘சோஃபிட்’ முறையில், நோக்குநர் சில குழந்தைகளை முன்கூட்டியே தேர்ந்து, ஒவ்வொருவராகக் குறித்த இடைவெளியில் பார்த்து, அவர் படுத்திருக்கிறாரா, அமர்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா, நடக்கிறாரா, அதனினும் தீவிரமாக இயங்குகிறாரா எனக் குறித்துக்கொள்கிறார். பாடவேளையில் பாதியளவேனும் இயக்கமாக அமைதல் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. பெங்களூரின் வளமையர், தாலுக் உடற்கல்வி அதிகாரி ஆகியோர் ஒரு கைக்கடிகாரமும் கோடிட்ட தாளும் கொண்டு இதன் எளிய வடிவத்தை மேற்கொள்ளலாம். தேர்ந்த குழந்தைகளுள் சிறுமியர் பாதியேனும் இருத்தல் முக்கியம். ‘விளையாட்டு நேரம்’ என விடப்பட்ட வகுப்பில் சிறுவர் நடுத்திடலைக் கைக்கொள்ள, சிறுமியர் சுவரோரம் அமர்ந்திருப்பது அடிக்கடி காணும் காட்சி. வகுப்பின் சராசரி அதனை மறைத்துவிடும். மாற்றுத்திறன் உடைய குழந்தைக்கு ‘விலக்கு’ என எழுதப்பட்டிருந்தால், அது குழந்தையின் குறையன்று, கலைத்திட்டத்தின் குறை எனவே கணக்கிடப்பட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விளையாட்டில் பங்குபெறும் உரிமையைத் தனிப் பிரிவில் கூறியுள்ளது.

பெங்களூருக்கே உரிய மற்றொரு கூறும் நோக்கத்தக்கது. தமிழ், தெலுங்கு, உருது, இந்தி பேசும் குடும்பங்களின் குழந்தைகளும், வட மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்தோரின் குழந்தைகளும் ஒரே வகுப்பில் கன்னடம் கற்கின்றனர். வகுப்பறையில் மொழி தெரியாது வாளாவிருக்கும் குழந்தை, கபடிக் கோட்டிற்குள் பிறரோடு சமமாக நிற்கிறது. இந்தச் சமூகப் பயன் எந்த உடல்தகுதிச் சோதனையிலும் அகப்படாது; நோக்கீட்டுத் தாளில் ‘யார் யாரோடு ஆடினர்’ என்ற ஒரு பத்தி இருந்தால் அகப்படும்.

விளைவை அளப்பதில் உள்ள இடர்கள்

2019 ஆகஸ்ட் 29-இல் ‘ஃபிட் இந்தியா’ இயக்கம் தொடங்கப்பட்டது. பள்ளிக் குழந்தைகளின் உடல்தகுதியைப் பதிவுசெய்யத் தேசிய அளவில் ஒரு சோதனைத் தொகுதியும் வகுக்கப்பட்டுள்ளது. மூன்றாம் வகுப்பு வரை உடல் நிறைக் குறியீடு, ஒற்றைக்காலில் சமநிலை, தட்டுகளை மாறி மாறித் தொடும் வேகம் ஆகியவையும், நான்காம் வகுப்பு முதல் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து குனிந்து எட்டுதல், வயிற்றுத் தசை வலிமை, தண்டால் முதலியவையும் அளக்கப்படுகின்றன. குழந்தையின் நிலையை அறிய இவை பயன்படும். ஆனால் இவ்வெண்களைக் கொண்டே கலைத்திட்டத்திற்குத் தீர்ப்பு வழங்க முற்படுவது ஆபத்தானது.

1950-களின் நடுவில் அமெரிக்காவில் நிகழ்ந்தது இங்கு நினைவுகூரத்தக்கது. கிராஸ்–வெபர் சோதனையின் ஆறு எளிய பயிற்சிகளுள் ஒன்றிலேனும் அமெரிக்கக் குழந்தைகளுள் 57.9 சதவீதத்தினர் தோற்றனர். ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து நாடுகளின் குழந்தைகளுள் தோற்றோர் 8.7 சதவீதமே. நாடே பதறியது; 1956-இல் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் இளைஞர் உடல்தகுதிக் குழுவை நியமித்தார். ஆயினும் தோல்விகளுள் பெரும்பகுதி முழங்கால் மடங்காது தரையைத் தொடும் ஒரே பயிற்சியில் நேர்ந்தது. அளவுகோல் எதனை அளக்கிறதோ அதுவே நாட்டின் கவலையாகிவிட்டது. பின்னர் வந்த தேசிய உடல்தகுதிச் சோதனை 2012-இல் கைவிடப்பட்டு, 2025-இல் மீண்டும் கொண்டுவரப்பட ஆணை பிறந்தது. அளவுகோலைப் பற்றிய வழக்கு அங்கு இன்னும் முடிந்தபாடில்லை.

நம் பள்ளிகளில் மேலும் இரு இடர்கள் உள. முதலாவது வளர்ச்சி. நான்காம் வகுப்புச் சிறுமி ஜூன் மாதத்தில் 600 மீட்டரை 3 நிமிடம் 40 வினாடியிலும், பிப்ரவரியில் 3 நிமிடம் 20 வினாடியிலும் கடந்தாள் என வைத்துக்கொள்வோம். இருபது வினாடி முன்னேற்றம் பாடத்தால் விளைந்ததா, எட்டு மாத வளர்ச்சியால் விளைந்ததா? இந்த ஆண்டு பிப்ரவரியின் நான்காம் வகுப்பைச் சென்ற ஆண்டு பிப்ரவரியின் நான்காம் வகுப்போடு ஒப்பிட்டால் வளர்ச்சியின் பங்கு பெரும்பாலும் நீங்கும். புதிய முறை புகுத்தப்படாத அண்டைப் பள்ளியிலும் அதே ஒப்பீட்டைச் செய்தால், உணவு, பருவநிலை முதலிய பொதுக் காரணங்களும் கழிக்கப்படும். பயிர்விளைச்சல் மதிப்பீட்டில் நன்கு பழகிய இம்முறையைப் பள்ளித் திடலில் பயன்படுத்தத் தடையேதும் இல்லை.

இரண்டாவது, தரம் எழுதும் பழக்கம். தொடர் முழுமை மதிப்பீட்டின்படி கர்நாடகப் பள்ளிகளில் உடற்கல்வி பாடஇணைப் பகுதியில் தரப்படுத்தப்படுகிறது. வகுப்பு முழுவதற்கும் ஒரே தரம் எழுதப்பட்டிருந்தால், அத்தரம் எச்செய்தியையும் தாங்கவில்லை என்று பொருள். உடல் எடையைக் கொண்டு தரம் இடுவதும் பொருந்தாது. எடை பெரும்பாலும் வீட்டு அடுப்பின் விளைவு. ஐந்தாம் வகுப்பை முடிக்கும் குழந்தை பந்தை எறியவும் பிடிக்கவும், ஓடியபடியே திசை மாற்றவும், ஒரு காலில் தாவவும், ஆட்ட விதியைப் பிறர்க்கு விளக்கவும் அறிந்திருக்கிறதா என்பதை ஆம், இல்லை எனக் குறிப்பதே தொடக்க நிலைக்கு ஏற்ற தரம். முதலிடம் பெற்றவர் யார் என்பதைத் தாலுக் விளையாட்டுப் போட்டிகள் பார்த்துக்கொள்ளும். பரிசு பெற்ற நால்வரைக் கொண்டு நானூறு பேரின் கலைத்திட்டத்தை மதிப்பிடும் வழக்கத்தை அதிகாரிகள் கைவிடுதல் நன்று.

நடைமுறைக்கு

மேற்கூறிய மதிப்பீட்டிற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு வட்டாரத்தில் சில பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, பள்ளி திறந்த இரண்டாம் மாதத்தில் ஒருமுறையும் பிப்ரவரியில் ஒருமுறையும் முன்னறிவிப்பின்றி ஒரு பாடவேளையை நோக்கினால் போதும். முன்னறிவித்தால், அன்று மட்டும் சீருடை வெண்மையாகும். திடலில் சுண்ணக்கோடு தோன்றும். தேர்வு நெருங்கும் பிப்ரவரியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கும் ஆங்கிலமும் கைப்பற்றும் காலம் அது. கர்நாடகத்தில் 2001 முதல் இயங்கும் பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழுவில் பெற்றோர் இடம்பெறுகின்றனர். நோக்கீட்டின் முடிவு அக்குழுவின் முன்பும் வைக்கப்பட வேண்டும்.

அதுவரை தலைமையாசிரியர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நடைபெறாத ஒவ்வோர் உடற்கல்விப் பாடவேளைக்கும் எதிரே காரணத்தை ஒரு சொல்லில் குறித்தல்: மழை, ஆசிரியர் வேறு பணி, பிற பாடத்திற்கு விடப்பட்டது, இடம் இல்லை. ஆண்டு இறுதியில் இந்நான்கையும் கூட்டிப் பார்த்தால், மழையின் பங்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.